13,000 ரூபாய் புரொஜெக்டரில் கறுப்பு தெரியுமா?

பெட்டியின்மேல் 9,000 லூமன்ஸ், 4கே, 200 அங்குலம் என்று மூன்று எண்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். மூன்றையும் காதில் போட்டுக்கொள்ளாமல் வாங்கினால் இந்தப் புரொஜெக்டர் மோசமில்லை. நம்பி வாங்கினால் அன்றைக்கே மனசு விட்டுப்போகும்.

கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. ஒரே டப்பாவுக்கு நாலைந்து பெயர் ஒட்டி ஆன்லைனில் விற்கிறார்கள். ரிமோட்டையும் மெனுவையும் பார்த்தாலே எல்லாம் ஒரே இடத்துச் சரக்கு என்று தெரிந்துவிடும். இந்த விலைக்கு வரும் எல்இடி புரொஜெக்டர் எதை வாங்கினாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவள் இல்லை. வேலூர் சத்துவாச்சாரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆனால் நிறம் என் பிழைப்பு. ஆரணிப் பட்டு எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, இதுக்கு மேட்சா ப்ளவுஸ் துணி" என்று நிற்பவர்களுக்கு அரக்கு எது, மெரூன் எது, ரத்தச் சிவப்பு எது என்று பிரித்துக் கொடுக்காவிட்டால் துணி என் தலையில்தான் விழும். அதனால்தான் கடையில் எவ்வளவு நல்ல ட்யூப்லைட் இருந்தாலும் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒருமுறை பார்க்காமல் கத்திரி வைக்கமாட்டேன். வெயிலுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்.

புரொஜெக்டர் வாங்கியது அக்கா மகனுக்காக. விஸ்காம் படிக்கிறான். ஒரு படத்தில் ஒரு ஆள் மாறுவதை வசனம் இல்லாமல், உடை, நிறம், வெளிச்சம், பொருள் இவற்றை வைத்தே எப்படிக் காட்டுகிறார்கள் என்பதுதான் அவன் எழுத வேண்டிய கட்டுரை. அதைப் போனில் படம் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். உள்ளங்கை அளவுத் திரையில் யார் சட்டை என்ன நிறம் என்று என்னத்தைக் கண்டுபிடிப்பது? சரி, பெரிசாகப் பார்க்கட்டும் என்று ஆர்டர் போட்டேன். ஆகவே இந்த விமர்சனம் பாட்டு, சண்டை, கிரிக்கெட் பற்றியதல்ல. ஒரு மனுஷன் மாறுவது இந்தப் பெட்டியில் தெரிகிறதா, அவ்வளவுதான் கேள்வி.

முதலில் அந்த மூன்று எண்கள். லூமன்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. யோக்கியமாகச் சொல்பவர்கள் ஆன்சி லூமன்ஸ் என்று போடுவார்கள். முழு வெள்ளையைத் திரையில் விட்டு, திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விழும் வெளிச்சத்தை அளந்து சராசரி எடுத்து, அதைத் திரையின் பரப்பால் பெருக்குவது அது. என் பெட்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 400 ஆன்சி என்று இருக்கிறது. வெளியே 9,000, உள்ளே 400. அடுத்து 4கே, அதாவது 3840க்கு 2160 புள்ளி. அது 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சுவரில் விழுவது 1920க்கு 1080 புள்ளி. அதுவே இந்த விலைக்குப் போதும், பொய் மட்டும் வேண்டாம் என்கிறேன். 200 அங்குலம் உண்மைதான், பெட்டியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனால் படம் விரியும். ஆனால் 100 அங்குலம் 200 ஆகும்போது பரப்பு நாலு மடங்கு. இருக்கிற வெளிச்சம் நாலாகப் பங்கு போடப்பட்டு, பழைய சலவை வேட்டி நிறத்தில் படம் தெரியும். 100 அங்குலத்தைத் தாண்டாதீர்கள்.

பையன் முதலில் போட்டது 'காட்ஃபாதர்'. 1972-ல் வந்தது, ஒளிப்பதிவு கார்டன் வில்லிஸ். டான், அதாவது மாஃபியாக் குடும்பத் தலைவர், உட்கார்ந்திருக்கும் அறையில் விளக்கை ஆள் தலைக்கு மேலேயே வைத்து, அந்த வேடத்தில் நடித்த மார்லன் பிராண்டோவின் கண்குழிகள் இருட்டாகவே இருக்கும்படி எடுத்தார். வெளியே வெயிலில் மகள் கல்யாணம், உள்ளே இருட்டில் பேரம். கடைசி மகன் மைக்கேல் அந்தக் கல்யாணத்துக்கு ராணுவ யூனிபார்மில் வருகிறான், வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறான், குடும்பத் தொழிலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்கிறான். படம் முடியும்போது அப்பாவின் அறை அவனுடையது. அவன் மனைவி வெளியே நின்று பார்க்க, கதவு சாத்தப்படுகிறது. வெளிச்சத்தில் இருந்தவன் இருட்டுக்குள் போவதுதான் அங்கே கதை.

இப்போது இதை, பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, 'விவிட்' என்ற அமைப்பில் பாருங்கள்.

"சித்தி, இன்னா இது, டான் கண்ணு நல்லா தெரியுது?" என்றான்.

தெரிந்தது. அறை மூலையில் இருந்த நாற்காலிகூடத் தெரிந்தது. இருட்டு இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. இருட்டறையும் கல்யாணப் பந்தலும் ஒரே வெளிச்சம். அப்படிப் பார்த்தால் மைக்கேல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வந்து உட்கார்ந்தான், வேறொன்றும் நடக்கவில்லை.

காரணம் எளிது. இந்தப் பெட்டிகளுக்குள் ஒரு எல்இடி விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது; அதற்கு முன்னால் ஒரு சின்ன எல்சிடி தகடு. கறுப்பு வேண்டும் என்றால் அந்தத் தகடு வெளிச்சத்தை அடைக்க வேண்டும். முழுசாக அடைக்க முடியாது, கசியும். புரொஜெக்டரால் கறுப்பை வீசவும் முடியாது. சுவர் எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அதற்குமேல் கறுப்பு கிடைக்காது. ஆகவே கசிவைக் குறைப்பதும் அறையை இருட்டாக்குவதும்தான் நம் கையில் இருக்கிறது.

கம்பெனிக்காரன் செய்வது நேர் எதிர். வாங்கியவன் பகலில் ஜன்னலைத் திறந்துவைத்துப் போட்டுப் பார்ப்பான், மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்புவான் என்று பயந்து, எல்லாவற்றையும் ஏற்றிவைத்து அனுப்புகிறான். மெனுவில் 'பிரைட்னஸ்' என்று இருக்கிறதே, அது பெயருக்குத்தான் வெளிச்சம். உண்மையில் அது கறுப்பு எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. வெள்ளை எவ்வளவு போக வேண்டும் என்பதைச் சொல்வது 'கான்ட்ராஸ்ட்'. இந்த இரண்டையும் புரிந்துகொண்டு இறக்கியபிறகுதான் பெட்டி வழிக்கு வந்தது.

அடுத்தது 'காலா'. 2018, பா. ரஞ்சித், ஒளிப்பதிவு முரளி. நாயகன் ரஜினிக்குக் கறுப்பு உடை, வில்லன் நானா படேகர் தலை முதல் கால் வரை வெள்ளை, அவர் வீடும் வெள்ளை. இதில் எது நல்லது, எது கெட்டது என்று நாம் சின்ன வயதிலிருந்து படத்தில் பார்த்ததைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். கடைசியில் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று திரை முழுக்கப் பொடி பறக்கிறது. அந்த வெள்ளை அதற்குள் மூழ்குகிறது. அந்தக் கறுப்பு உடையைத் துணியாகப் பார்த்தாலே அதில் வித்தை இருக்கிறது. கறுப்புத் துணி தைத்தவர்களுக்குத் தெரியும், பருத்திக் கறுப்பு வேறு, பட்டுக் கறுப்பு வேறு, நாலு தரம் துவைத்த கறுப்பு வேறு. மடிப்பில்தான் வித்தியாசம் நிற்கும். 'விவிட்'டில் ரஜினி வேட்டி சாயம்போன சாம்பலாக வந்தது. பிரைட்னஸை ரொம்ப இறக்கினாலோ மடிப்பே இல்லாமல் ஒரே தாராகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தியதும் துணி துணியாகவும் கறுப்பு கறுப்பாகவும் வந்தது. இந்தப் பெட்டிக்கு நான் மார்க் போட்டது அங்கேதான். முடியாது என்று நினைத்திருந்தேன், செய்தது.

ஆனால் நீலம் தோற்றது. கடைசிக் காட்சிப் பொடியில் கருநீலமும் கறுப்பும் கலக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. இது பெட்டியின் பலவீனம். எந்தப் பட்டனை அழுத்தினாலும் போகவில்லை. சந்தேகம் வந்து, ஒரு ஆரணிப் புடவையின் வீடியோவைப் போனில் எடுத்து ஓட்டிவிட்டு, அதே புடவையைத் திரையோரமாகப் பிடித்துப் பார்த்தேன். மயில் கழுத்து நிறம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசைத்தால் நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். கையில் இருந்ததில் அது நடந்தது. சுவரில் வெறும் நீலம். அரக்கையும் மெரூனையும் பிரித்துக் காட்டியது, அது பரவாயில்லை. இளமஞ்சள், சந்தனம், பாதி வெந்த பால்கோவா நிறம் என்று கேட்பார்களே, அதெல்லாம் நன்றாகவே வந்தன. ஆக, சிவப்புப் பக்கம் தேர்ச்சி, நீலப் பக்கம் தேறவில்லை. நீலம் வைத்துக் கதை சொல்லும் படம் பார்ப்பவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் கட்டுரைக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒரே படம் 'தேவர் மகன்'. 1992. பரதன் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. சக்தி ரயிலில் வந்து இறங்கும்போது தோளில் புரளும் முடி, பேன்ட், பட்டணத்துச் சட்டை, பக்கத்தில் காதலி. ஹோட்டல் வைக்கப்போவதாகக் கனவு. அப்பா சாகிறார். பிறகு அவன் வரும்போது முடி குறைந்து, மீசை முறுக்கி, வேட்டி சட்டையில் வருகிறான். எல்லோரும் மீசையைத்தான் சொல்வார்கள். நான் வேட்டியைச் சொல்வேன்.

பேன்ட் போட்டவன் இடுப்பிலிருந்து நடப்பான். கால் தனித்தனி. வேட்டி கட்டினவனுக்கு அடியின் அகலத்தை வேட்டிதான் முடிவு பண்ணும். வேகமாகப் போக வேண்டுமானால் ஒரு கை நுனியைத் தூக்கிப் பிடிக்கும். உட்காரும்போது முதலில் துணியைச் சரிசெய்து, பிறகு உட்கார வேண்டும். அந்த ஒரு நொடித் தாமதம்தான் பெரிய மனுஷத்தனம். கமல் அதைப் பண்ணியிருக்கிறார், கவனித்துப் பாருங்கள். முதல் பாதியில் சோபாவில் விழுகிற உடம்பு, பிற்பாதியில் நாற்காலியில் அமர்கிற உடம்பு. உடை மாறியதால் ஆள் மாறவில்லை. அப்பாவுடைய உடை அப்பாவுடைய நடையைக் கொண்டுவந்து அவன்மேல் போர்த்துகிறது. அதனால்தான் கடைசியில் தான் வெறுத்த அரிவாளை அவனே எடுக்கும்போது நமக்கு அதிர்ச்சி வருவதில்லை, ஐயோ என்று இருக்கிறது. ரயிலில் வந்தவன் ரயிலில்தான் போகிறான், அது வேறு.

இந்தப் படத்துக்குப் பெட்டியில் பார்க்க வேண்டியது வெள்ளை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னால் சுண்ணாம்புச் சுவர், மேலே வெயில். கான்ட்ராஸ்ட் ஏறியிருந்தால் சட்டையும் சுவரும் ஒட்டிக்கொண்டு தலை மட்டும் மிதக்கும். வேட்டி மடிப்பு போய்விட்டால் நான் மேலே சொன்ன அத்தனையும் போய்விட்டது; வெறும் வெள்ளைக் காலாடை ஆகிவிடுகிறது. கான்ட்ராஸ்டைப் படிப்படியாக இறக்கி, சட்டைப் பையின் தையல் கோடு தெரிந்ததும் நிறுத்தினேன். பையன் சிரித்தான். "நீ மட்டும்தான் சித்தி, தேவர் மகன்ல பாக்கெட் பாக்கறவ." பாக்கெட் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரியும் என்றேன்.

'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' அவன் தேர்வு. ஸ்பீல்பெர்க் 1993-ல் எடுத்தது, பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. யூதர் குடியிருப்பை நாஜிகள் காலி செய்யும்போது, குதிரைமேல் உட்கார்ந்து ஷிண்ட்லர் மேலிருந்து பார்க்கிறான். கூட்டத்தில் ஒரு சின்னப் பெண்ணின் கோட்டு மட்டும் சிவப்பு. பின்னால் ஒருநாள் பிணங்களை ஏற்றிப்போகும் வண்டியில் அதே சிவப்பைப் பார்க்கிறான். லாபம் பார்க்க வந்தவன் தன் பணத்தையெல்லாம் கொட்டி உயிர்களை வாங்குகிறவனாக ஆகும் வழியில் அந்தக் கோட்டு ஒரு மைல்கல்.

கறுப்பு வெள்ளைப் படம்தான் புரொஜெக்டருக்கு நிஜமான சோதனை. வண்ணம் இல்லாததால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. எங்கள் பெட்டியில் வெள்ளை நீலம் பாரித்து இருந்தது. மெனுவில் கலர் டெம்பரேச்சர் என்று ஒன்று இருக்கிறது: கூல், நார்மல், வார்ம். பெட்டி கூலில் வரும். நீலம் கலந்தால் வெள்ளை பளிச்சென்று தெரியும் என்பதற்காக. நம் ஊரில் வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதும் அதற்குத்தான். சினிமாக்காரர்கள் வேலை செய்வது 6500 கெல்வின் வெள்ளையில். அதற்குக் கிட்டத்தில் வருவது வார்ம். மாற்றிய முதல் பத்து நிமிஷம் எல்லாம் பழுப்பாகத் தெரியும், கண் பழகிவிடும். பழகியபிறகு கூலுக்குத் திரும்பினால் ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் படம் பார்ப்பதுபோல் இருக்கும். வார்முக்கு மாற்றியதும் அந்தச் சிவப்பு எடுபட்டது. நீலத்தில் அது ஒரு மாதிரி ரோஸாகத் தெரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கோட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, இங்கே சொல்லிவிடுகிறேன். இதைப் பார், இதைப் பார் என்று டைரக்டர் விரல் நீட்டுகிறார். வேட்டி அப்படி இல்லை, தானாக வேலை செய்கிறது. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "நமக்குக் காட்டல சித்தி. அவனுக்குத் தெரிஞ்சிச்சு, அதனால நமக்குத் தெரியுது" என்றான். அவ்வளவு கூட்டத்தில் ஒரு பிள்ளையை அவன் கண் பிரித்துப் பார்த்த நொடி அது, அதுவரை அவனுக்கு எல்லாம் ஒரே கும்பல் என்கிறான். யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு வேட்டிக்கே.

இந்த மாதிரி விஷயத்தை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். என் அம்மா ஊர் ஆரணிப் பக்கம். 1989-ல் மாவட்டத்தைப் பிரித்ததில் ஆரணியும் செய்யாறும் திருவண்ணாமலையோடு போய்விட்டன; எங்கள் வாயில் இன்னும் எல்லாம் வடாற்காடுதான். திரௌபதி அம்மன் கோயில் ஊர்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, சபையில் அவிழ்த்த கூந்தலைத் துரியோதனன் ரத்தம் தொட்டுத்தான் முடிவேன் என்று பாஞ்சாலி சபதம் போடுவாள். அதிலிருந்து விரித்த முடிதான். கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் ஆளுயரத்துக்கு மேல் செய்து படுக்கவைத்திருக்கும் துரியோதனன்மேல்தான் அந்த முடி முடியப்படும். அத்தனை ராத்திரியும் அந்த முடி வாய் திறக்காமல் பேசிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்து வளர்ந்த கிழவிக்கு சினிமாவில் குறியீடு என்ன என்று வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

எங்கள் பெரியப்பா கூத்தில் வேஷம் கட்டினவர். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் தோளில் கட்டும் புஜகீர்த்தியும் இன்னும் பரணில் இருக்கின்றன. அந்த மரம் எடையே இருக்காது, விடிய விடிய ஆட வேண்டுமே. அவருக்காக, போனில் எடுத்துவைத்திருந்த ஒரு கூத்தை மொட்டைமாடியில் ஓட்டினேன். இரண்டு பேர் திரை பிடித்து நிற்க, திரைக்குக் கீழே சலங்கைக் கால் மட்டும், மேலே கிரீடத்தின் நுனி மட்டும், நடுவில் ஆள் யாரென்று தெரியாமல் பாட்டு மட்டும் வருமே, அந்த இடம். திரை விலகியது. அக்கம்பக்கத்துக்காரர்கள் கேட்டார்கள் என்று மறுபடி 'விவிட்'டில் போட்டிருந்தேன்.

"இன்னாம்மா இது, துரியோதனன் மூஞ்சி தக்காளி மாதிரி கீது?" என்றார் பெரியப்பா.

சிவப்பு பூசின முகத்தில் புருவத்துக்கு மேலேயும் கன்னத்திலும் வெள்ளைப் புள்ளி வரிசை வைப்பார்கள். அந்தப் புள்ளிகள் சிவப்பில் கரைந்துபோயிருந்தன. முகவர்ணத்தில் பாதி வேலையே அந்தப் புள்ளிதான் என்றார். விளக்கு வெளிச்சத்தில் முகத்தின் எலும்பு தூக்கித் தெரிவது அதனால்தானாம். மெனுவில் 'சாச்சுரேஷன்' என்று இருக்கும் நிற அடர்த்தியைக் குறைத்ததும் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவர் எழுந்து திரைக்கிட்டே போய் எண்ணிப் பார்த்தார், தன் நிழல் துரியோதனன்மேல் விழுவதைப் பற்றிக் கவலைப்படாமல்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சத்தம்: உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் பேச்சுக்குப் போதும், இளையராஜாவுக்குப் போதாது. ப்ளூடூத்தில் வெளி ஸ்பீக்கர் போட்டால் உதடு முன்னே, குரல் பின்னே, ஒயரில் போடுங்கள். ஓடிடி: உள்ளேயே எல்லாம் இருக்கிறது என்பார்கள், சிலது திறக்காது, சிலது மங்கலாக ஓடும். டிவி ஸ்டிக் தனியாகச் செருகுவதுதான் நிம்மதி. ஃபோகஸ்: நடுவில் கூர்மை வந்தால் இடது மூலை லேசாகக் கலங்கும், இந்த விலையில் அதைச் சகித்துக்கொள்ளலாம். கீஸ்டோன்: பெட்டியைக் கோணலாக வைத்துவிட்டு மெனுவில் படத்தை நேராக்குவது. கூடியவரை அதைத் தொடாதீர்கள். அது படத்தைப் பிசைந்து சின்னதாக்கித்தான் நேராக்குகிறது, அதனால் நுணுக்கம் போகும். ஸ்டூல்மேல் ஸ்டூல் போட்டாவது பெட்டியை நேராக வையுங்கள்.

வெக்கை. இது எங்கள் ஊர்க்காரர்கள் படிக்க வேண்டியது. கையேட்டில் 35 டிகிரி வரை என்று போட்டிருக்கிறது. மே மாதம் வேலூரில் 40-ஐத் தாண்டும். மொட்டைமாடித் தளம் ராத்திரி ஒன்பது மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும். பெட்டியைத் தரையில் வைத்தால் அந்தச் சூட்டையும் சேர்த்து உறிஞ்சுகிறது, உள்ளே விசிறி இரைகிறது, பிறகு தானாக அணைந்துவிடுகிறது. மர ஸ்டூல்மேல் வைத்தபிறகு அணையவில்லை. அடுத்து பூச்சி. மாடியில் வெளிச்சத்துக்கு வந்து மொய்க்கும். லென்ஸைத் துடைத்துவிடலாம், காற்று போகும் வழியாக உள்ளே தூசி போய்த் தகட்டில் ஒட்டினால் படத்தில் நிரந்தரமாக ஒரு கறை நிற்கும். எனக்கு நின்றது, வலது மேல் மூலையில். கறுப்பு வேண்டும் என்று கேட்டேனே, தேவையில்லாத இடத்தில் கொடுத்தது. சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டால் சென்னைக்கு அனுப்பச் சொன்னார்கள். போகவர கூரியர் என் செலவாம். தூசி வாரன்டியில் வராதாம். வாங்குமுன் லென்ஸும் தகடும் இருக்கும் ஆப்டிகல் பாகம் மூடி அடைக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள், அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் தகும்.

திரை. இங்கேதான் என் தொழில் உதவியது. எங்கள் கூடத்துச் சுவர் இளம்பச்சை. அதில் போட்டால் ஆட்கள் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை. ஆன்லைனில் விற்கும் மடிப்புத் திரை வாங்கினேன். மடிப்புக் கோடு எத்தனை தேய்த்தாலும் போகவில்லை, பின்னால் வெளிச்சம் ஊடுருவியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜன்னல் திரைக்கு உள்பக்கம் வைத்துத் தைப்பார்களே, பிளாக்அவுட் லைனிங் துணி, வெள்ளை, அதை எடுத்தேன். 54 அங்குல அகலத்தில் கிடைக்கிறது. 100 அங்குலத் திரை என்றால் அகலம் 87, உயரம் 49 அங்குலம். துணியைப் படுக்கவைத்து வெட்டினால் நடுவில் ஒட்டுத் தையலே வராது. உயரத்தில் மிச்சம் ஐந்து அங்குலம். மேலே மூன்றைக் குழாய் நுழையும் அளவு மடித்துத் தைத்து, கீழே இரண்டில் கம்பி போட்டுவிடுங்கள், சுருங்காமல் தொங்கும். ஊசி பெரிசாகப் போட்டால் ஓட்டை வழியே வெளிச்சம் வரும், 11-ம் நம்பர் போதும். தேய்க்காதீர்கள், பின்பக்கப் பூச்சு உருகும்.

பிறகு நாலு பக்கமும் கறுப்பு வெல்வெட்டில் நாலு அங்குலப் பட்டை. அழகுக்கு என்று நினைக்க வேண்டாம். வெல்வெட் வெளிச்சத்தைக் குடித்துவிடும். அது பக்கத்தில் இருக்கும்போது, பெட்டி கொடுக்கிற சாம்பல் கலந்த கறுப்பைக் கண் ஆழமான கறுப்பாக எடுத்துக்கொள்ளும். சாதாரணப் புடவைக்கு அடர்ந்த பார்டர் வைத்தால் உடல் நிறம் தூக்குவது எங்களுக்குத் தெரிந்த கணக்குதான். துணி, வெல்வெட், குழாய் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. பெட்டிக்குள் நோண்டிய எல்லாவற்றையும்விடப் படத்தை மாற்றியது இந்தப் பட்டைதான் என்று அடித்துச் சொல்வேன். பெட்டியிலிருந்து திரை வரை எங்களுக்கு ஒன்பது அடி தேவைப்பட்டது. உங்கள் கூடம் அதைவிடச் சின்னது என்றால் திரையையும் குறைத்து வெட்டுங்கள்.

யார் வாங்கலாம்? ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து படம் பார்க்கும் வழக்கம் இருப்பவர்கள், மெனுவில் அரை மணி நேரம் மல்லுக்கட்டப் பொறுமை இருப்பவர்கள், சினிமா படிக்கும் பிள்ளைகள். பகலில் மேட்ச் பார்க்க, கடையில் விளம்பரம் ஓட்ட, ஜன்னல் திரை இல்லாத வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அதற்கு இன்னும் கொஞ்சம் போட்டு 43 அங்குல டிவி எடுங்கள். பையனின் கட்டுரை முடிந்தது. வேட்டி பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறான், என் பெயரைப் போடவில்லை.

என் பெட்டியில் இப்போது இருக்கும் அமைப்பு: மோட் 'யூசர்', பிரைட்னஸ் 42, கான்ட்ராஸ்ட் 46, சாச்சுரேஷன் 44, ஷார்ப்னஸ் 20, கலர் டெம்பரேச்சர் வார்ம். உங்கள் பெட்டியில் எண்கள் இப்படியே உட்காராது. 'காட்ஃபாதர்' தொடக்கத்தில் டான் மேசைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டில், மார்பில் சிவப்பு ரோஜாவோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்குழி இருட்டாகும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள், கோட்டின் காலர் கரைவதற்கு முன்னால் நின்றுவிடுங்கள். ரோஜா பூவாகத் தெரிகிறதா, சிவப்புப் பொட்டாகத் தெரிகிறதா என்று பார்த்து சாச்சுரேஷனை வையுங்கள். வெள்ளைக்கு 'தேவர் மகன்' சட்டைப் பை.